இன்னைக்கு என்ன கலரு?

எங்கள் வீட்டில் காலையில் என்னை யாரும் "எந்திரிச்சிட்டியா?" என்று கேட்டதில்லை. "இன்னைக்கு என்ன கலரு?" என்றுதான் கேட்பார்கள். முதலில் வீட்டுக்காரர் கேட்பார். அவர் மறந்துவிட்டால் அடுப்படியிலிருந்து மாமியார் கேட்பார். இருவரும் மறந்த நாளில், பல் விளக்கிக்கொண்டே எங்கள் ஒரே மகள் கேட்பாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குச் சர்க்கரை வியாதி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்க்கும் கருவியெல்லாம் அன்றைக்கு ஏது? மூத்திரத்தைத்தான் காய்ச்சிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

இந்தக் கண்ணராவியை அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கொல்லையில், துவைகல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்வேன். ஒருநாள் பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், காலங்காத்தால கஷாயமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். "எனக்கும் ஒரு முழுங்கு குடுங்களேன், நெஞ்சுச் சளி போகவே மாட்டேங்குது" என்றார். வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தார். அப்போது நானும் சிரித்தேன். நான் சிரித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பிறகு ஒரு ஐப்பசியில் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. எதுவும் நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் சாகவில்லை. வீட்டுக்காரர் குடிக்கிறவரல்ல, கை நீட்டுகிறவரல்ல. திண்டுக்கல் நாகல் நகரில் சின்னாளப்பட்டிச் சேலைகளை வைத்து விற்கும் கடை அவருடையது, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மாமியாருக்கு வாய் மட்டும்தான், மனசில் ஒன்றும் கிடையாது. நான் கன்னியர் நடத்திய பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். காரணம் என்று காட்ட ஒரு துரும்பு கூட என்னிடம் இல்லை. அதனாலேயே நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. என்னவென்று போய்ச் சொல்வது?

வகுப்பில் ஒருநாள் பிள்ளைகள் சாக்பீஸ் டப்பாவுக்குள் தவளையை வைத்து மூடியிருந்தார்கள். திறந்தேன். தவளை என் கைமேல் குதித்தது. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நான் அதைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வகுத்தல் கணக்கைப் போட்டேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. முன்பெஞ்சில் இருந்த ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

சோறும் அப்படித்தான் ஆயிற்று. மாமியார் வைக்கும் கருவாட்டுக் குழம்புக்குத் தெருவே மூக்கைத் தூக்கும். எனக்கு அது சூடாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுவேன். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தொடவே மாட்டேன். ஆனால் ஊசியை மட்டும் விடவில்லை. இன்சுலின் புட்டி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இருக்கும். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, வழக்கமான அளவை எடுத்து, வழக்கம்போலத் தொடையில் போட்டுக்கொள்வேன். அதற்கு ருசி தேவையில்லை.

சாப்பாடு குறைந்ததும் குழாயில் நீலம் வரத் தொடங்கியது. ஒருநாள் இரண்டு நாள் அல்ல, தினமும். வீட்டுக்காரர் அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "எங்க வீட்ல எம்புட்டுக் கட்டுப்பாடு தெரியுமா? கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட பாயாசத்தைத் திரும்பிப் பாக்க மாட்டா." எனக்கு அப்போது மருத்துவம் பார்த்த வயதான டாக்டர் ஒருபடி மேலே போனார். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த சர்க்கரைக்காரர்களைப் பார்த்து, "இந்த டீச்சரைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். அவர்கள் என்னை வெறுப்போடு பார்த்தார்கள். நியாயம்தான். அந்த டாக்டர் குழாயைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், காலில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அழுதிருந்தால் யாராவது என்ன என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை.

பிறகு விபூதிப் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது. எங்கள் ஆட்கள் அந்த நாற்பது நாளும் சுத்தபோசனம் இருப்பார்கள், கவிச்சி கிடையாது. வயதானவர்கள் ஒருசந்தி பிடித்து ஒரு பொழுது மட்டும் சாப்பிடுவார்கள். ஊரே குறைத்துச் சாப்பிடும்போது நான் சாப்பிடாதது தனியாகத் தெரியவில்லை. மாமியாருக்குச் சந்தேகம் வரவில்லை, பெருமைதான் வந்தது. "நாங்கூட ஞாயித்துக்கிழமை ஒருசந்திய விட்டுர்றேன். எம் மருமக ஞாயிறும் பிடிக்கிறா" என்று கோயில் வாசலில் சொன்னார். ஞாயிறு என்பதே எனக்கு நினைவில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. டாக்டர் என்னைக் கட்டுப்பாட்டுக்காரி ஆக்கினார், மாமியார் பக்திக்காரி ஆக்கினார். ஒரு வேலையும் செய்யாமல் இரண்டு பட்டம் வாங்கினேன்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் வளாகத்தில் சிலுவைப்பாதை. திண்டுக்கல் வெயில், மலைப்பாறையிலிருந்து வேறு அனல் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஊசி போட்டிருந்தேன், ஒன்றும் சாப்பிடவில்லை. ஸ்தலத்துக்கு ஸ்தலம் முழங்கால் போட்டு எழுந்துகொண்டே போனோம். எங்கேயோ ஓரிடத்தில் முழங்கால் போட்டவள் எழவில்லை. உடம்பெல்லாம் தண்ணீராக வேர்த்தது, கை நடுங்கியது, ஜனங்கள் பாடுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது. பயமாக இல்லை. 'சரி' என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஒருவர் பானகச் செம்போடு ஓடி வந்திருக்கிறார். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வந்த மயக்கம் அது, அதில் ஒரு வாய் உள்ளே போயிருந்தால் அங்கேயே தெளிந்திருப்பேன். மாமியார் அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். "ஐயையோ, வேணாம்யா! அவ சர்க்கரைக்காரி. இனிப்பு அவளுக்கு விசம்!" என்று சத்தம் போட்டிருக்கிறார். வெறும் தண்ணீரை முகத்தில் அடித்து, விசிறியால் வீசி, ஜெபமாலையைக் கையில் சுற்றிவிட்டு, சுற்றி நின்று அருள்நிறை மந்திரம் சொல்லியிருக்கிறார்கள். அத்தை என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். வருடக்கணக்கில் அவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதானே. நல்லவேளையாக வீட்டுக்காரர் ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்தேன்.

அன்றைக்கு அங்கே இருந்தவர் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரம்மா. நாற்பது வயது இருக்கும். பேச்சு மெதுவாக இருக்கும், நாம் பதில் சொல்லி முடித்த பிறகும் செத்த நேரம் காத்திருப்பார், இன்னும் ஏதாவது வருமா என்று. மறுநாள் காலையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்ல மூத்திரம் பாக்குறீங்களா? என்ன கலர் வரும்?"

என்னைத்தான் கேட்டார். ஆனால் எங்கள் பக்கத்தில் மனைவியிடம் டாக்டர் கேட்டால் புருஷன்தான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"நீலந்தான் டாக்டரம்மா. மழைக்காலத்துல இருந்து நீலந்தான். ஒருநாள்கூட மாறல."

"ஒருநாள்கூடவா?"

"சத்தியமா. அம்புட்டுக் கட்டுப்பாடு."

டாக்டரம்மா பாராட்டவில்லை. "எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றார். பிறகு அவரிடம், "நீங்க போயி இவங்களுக்கு ஒரு காபி வாங்கிட்டு வாங்க. சர்க்கரை போட்டு" என்றார்.

"சர்க்கரை போட்டா?"

"போட்டுத்தான்."

வீட்டுக்காரர் வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். காது சரியாகத்தான் கேட்டதா என்ற சந்தேகம் அவருக்கு. பிறகு போனார்.

"சர்க்கரை வியாதின்னு வர்ற எல்லார்கிட்டயும் நான் கொஞ்சம் கேள்வி கேப்பேன்" என்றார் டாக்டரம்மா. "உங்ககிட்ட மட்டும்னு நினைச்சுக்காதீங்க. காலைப் பாக்குறோம், கண்ணைப் பாக்குறோம், அது மாதிரி இதையும் பாக்கணும். தூக்கம் எப்படி?"

"விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிச்சிருவேன். படுத்தே கிடப்பேன்."

"சோறு ருசியா இருக்கா?"

"தெரியல."

"கடைசியா எப்ப சிரிச்சீங்க?"

கஷாயம் கேட்ட பக்கத்து வீட்டம்மாதான் நினைவுக்கு வந்தார். அது எப்போது என்று தெரியவில்லை. தவளைக் கதையைச் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை.

"பிள்ளைக இருக்கா?"

"ஒரு மக. இந்த வைகாசியில மொத நற்கருணை வாங்கப் போறா, புதுநன்மை."

"மக பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குள்ள வர்றப்போ உங்களுக்கு என்ன தோணும்?"

"வந்துட்டான்னு தோணும்."

அவர் காத்திருந்தார்.

"அம்புட்டுத்தான்" என்றேன். "புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைச்சு வந்துச்சு. போட்டுட்டு வந்து முன்னாடி நின்னா. நல்லா இருக்குன்னு சொன்னேன். ஆனா எனக்கு ஒன்னும் தோணல டாக்டரம்மா. யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்துச்சு."

இதைச் சொன்னதும் தலைச்சுமை இறங்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

"சாப்பிடாம ஊசி மட்டும் போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். "சாகணும்னு போடல. போடச் சொன்னாங்க, போட்டேன். சாப்பிட மனசு வரல. ஒருநாள் எந்திரிக்காமப் போனாலும் பரவாயில்லன்னு இருந்துச்சு."

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கிறார் என்று நினைத்து நானும் நீட்டினேன். அவர் நாடி பார்க்கவில்லை, சும்மாதான் பிடித்திருந்தார். "இதுவும் ஒரு வியாதி" என்றார். "நான் பாத்தவரைக்கும் சர்க்கரைக்காரங்களுக்கு நிறையவே வருது. யாரும் கேக்குறதில்ல, அதனால யாரும் சொல்றதில்ல. நீங்க கட்டுப்பாடா இல்லம்மா. உங்களுக்குப் பசியே இல்ல."

வீட்டுக்காரர் காபியோடு வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரம்மா அவரை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். வீட்டுக்குத் திரும்பும்போது, வண்டி பேருந்து நிலையத்தைத் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் ஏதும் தப்பா நடந்துக்கிட்டேனா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லீங்க."

"பின்ன ஏம்மா?"

"தெரியல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த மனுஷன் அன்றைக்கு என்னிடம் சண்டை போடாமல், காரணம் கேட்டுக் குடையாமல் அந்தத் 'தெரியல'வை அப்படியே வாங்கிக்கொண்டதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஈஸ்டர் பூசைக்குப் போனால் வேறு ஒரு கூத்து. நான் ஆண்டவருடைய பாடுகளைத் தாங்க முடியாமல் மயங்கி விழுந்தேன் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு பெண் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து, "டீச்சர், பிள்ளை தலையில கைய வையுங்க" என்றாள். சர்க்கரை இறங்கி விழுந்தவள் என்று அவளிடம் விளக்கவா முடியும்? வைத்தேன். குழந்தை வீரிட்டு அழுதது. குழந்தைக்காவது விஷயம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா ஊசி மருந்தின் அளவைக் குறைத்தார். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அதையும் மருந்தாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மனசுக்கென்று சின்ன மாத்திரை ஒன்று கொடுத்தார். ஊசிப் புட்டியும் ஊசியும் இனி வீட்டுக்காரர் பொறுப்பில் இருக்கட்டும் என்றார். சனிக்கிழமைதோறும் வந்து பார்க்கச் சொன்னார். மாமியாரிடம் வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, அவர் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தட்டு இட்லியோடு வந்து முன்னால் உட்கார்ந்தார். "பைத்தியமெல்லாம் இல்லேல்ல தாயி?" என்று கேட்டார். "இல்ல அத்தை" என்றேன். "அப்பச் சாப்பிடு" என்றார். அன்றிலிருந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எழுந்து போவதில்லை.

சனிக்கிழமைகளில் டாக்டரம்மா அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்பார். தூக்கம், சோறு, சிரிப்பு, மகள், சாவு. என் பதிலும் மாறவே இல்லை. ஒன்னும் தோணல, ஒன்னும் தோணல. வைகாசியில் மகள் வெள்ளைக் கவுனில், தலையில் பூமுடியோடு, மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு புதுநன்மை வாங்கப் போனாள். அத்தனை தாய்மாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மெழுகு அவள் கையில் சொட்டுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை இதைச் சொல்லிவிட்டு, "இனிமே இது வராது டாக்டரம்மா, விட்டுருங்க" என்றேன். "அடுத்த சனிக்கிழமை வாங்க" என்றார்.

ஆனியில் ஒருநாள் அவர் கேள்வியைத் தொடங்கும் முன்பே நான் சொன்னேன், "கோவம் வருது."

"யாரு மேல?"

"எல்லார் மேலயும். எங்க அத்தை தட்டுக்கு முன்னாடி போலீஸ்காரர் மாதிரி உக்காந்திருக்காக. இவரு விடிஞ்சா 'என்ன கலரு, என்ன கலரு'ன்னு கேக்குறாரு. நான் என்ன மனுசியா, மூத்திரக் குழாயா?"

டாக்டரம்மா முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். "நல்லது" என்றார். இதில் என்ன நல்லது என்று அவர்மேலும் கோபம் வந்தது.

அதற்குச் சில வாரம் கழித்து, மாம்பழம் ஓய்கிற காலத்தில், ஒருநாள் சாயந்திரம் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். மகள் துவைகல்லின்மேல் உட்கார்ந்து ஒரு மாம்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சாறு முழங்கை வழியாக வழிந்து பாவாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனை வந்தது. வாய் ஊறியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனையோ மாதம் கழித்து என் வாய் ஊறுகிறது.

"எனக்கும் கொஞ்சம் குடு" என்றேன்.

அவள் பழத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "உனக்கு ஆகாதும்மா! அப்பத்தா வையும்!" என்றாள். கண் நிறையப் பயம். மூக்கில், மோவாயில், கன்னத்தில் எல்லாம் மஞ்சள் அப்பிக் கிடந்தது. இது என் பிள்ளை என்று எனக்குத் தோன்றியது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் அது எனக்குத் தெரிந்திருந்தது, அன்றைக்குத்தான் தோன்றியது. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தேன். "ஒரு கடி" என்றேன். அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு நீட்டினாள். ஒரு கடியோடு நான் நிறுத்தவில்லை, கொட்டையையும் விடவில்லை.

மறுநாள் காலை, அதே கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழாயைக் காய்ச்சினேன். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னைக்கு என்ன கலரு?"

தூக்கிக் காட்டினேன். நல்ல மஞ்சள்.

இத்தனை வருடத்தில் அந்தக் குழாயை அவர் கையால் தொட்டதில்லை. அன்றைக்கு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னத்தச் சாப்ட்ட?"

"மாம்பழம்."

"டாக்டரம்மா சாப்பிடச் சொன்னாகளா?"

"இல்லீங்க. திங்கணும் போல இருந்துச்சு."

அவர் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்படியைப் பார்த்துத் திரும்பி, இத்தனை மாதமும் நீலத்தைச் சொன்ன அதே குரலில், "அம்மா, மஞ்சளு!" என்று கத்தினார்.

"மாதாவே!" என்று மாமியார் கரண்டியோடு ஓடி வந்தார். "மஞ்சளுக்கா இப்படிச் சிரிக்கிற? புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"ஆமாம்மா" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண்ணெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார், கஷாயம் பொங்கிவிட்டதோ என்று. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. துவைகல்லைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் அழுதேன்.